ஓவியம் தெர்மாமீட்டர் அல்ல!

பருவநிலை மாற்றம் பற்றி ஒரு கட்டுரை. அதில் 'குட்டிப் பனியுகம்' என்று ஒரு பத்தி. பக்கத்திலேயே ஒரு ஓவியம். உறைந்துபோன கால்வாய், அதன்மேல் சறுக்கி விளையாடும் ஜனங்கள், இலையில்லாத மரங்கள், மேலே சாம்பல் நிற வானம். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா எப்படி நடுங்கியது என்பதற்கு இந்த ஓவியமே சாட்சி என்று படத்துக்குக் கீழே இரண்டு வரி.

இந்த மாதிரி ஒரு பக்கத்தைப் பார்க்காதவர்கள் ரொம்பக் கம்மி. புத்தக அட்டை, டாக்குமெண்டரி, பவர்பாயிண்ட் என்று எல்லா இடத்திலும் இதே கதைதான். படம் மட்டும் மாறும். ஒன்று பீட்டர் ப்ரூகெல், இல்லையென்றால் ஹென்ட்ரிக் அவர்காம்ப்.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பு இரண்டு இருக்கிறது. ஒன்று, விற்பனைக்காகச் செய்த ஒரு பொருளைத் தெர்மாமீட்டர் ஆக்குவது. இரண்டு, அப்படி ஆக்கும்போது அந்தக் குளிரில் நிஜமாகவே நஷ்டப்பட்டவனைக் காணாமல் போகச் செய்வது. இரண்டாவதுதான் பெரிய தப்பு. ஆனால் முதலாவதைத் தீர்த்துவிட்டுத்தான் அதற்கு வர முடியும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குட்டிப் பனியுகம் பொய்யில்லை. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் பல குளிர்காலங்கள் இன்றைக்கு இருப்பதைவிடக் கடுமையாக இருந்தன. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கேள்வி குளிர் பற்றியதே அல்ல. சாட்சிக் கூண்டில் யாரை ஏற்றுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

சரி, முதல் சாட்சி ப்ரூகெல்.

'பனியில் வேட்டைக்காரர்கள்' என்ற ஓவியம். 1565ல் வரைந்தது. இப்போது வியன்னாவில் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. களைத்துப்போன மூன்று வேட்டைக்காரர்கள், பின்னால் நாய்க் கூட்டம், அத்தனை பேரும் சேர்ந்து பிடித்தது ஒரே ஒரு நரி. கீழே பள்ளத்தாக்கில் உறைந்த குளங்கள், அதில் விளையாடும் சின்னச் சின்ன மனிதர்கள். 1564-65 குளிர்காலம் ரொம்பக் கடுமையானது என்பதும் உண்மை. பொருத்தம் பிரமாதமாக இருக்கிறது, இல்லையா?

இப்போது அதே படத்தின் வலது மூலைக்குக் கண்ணைக் கொண்டு போங்கள். செங்குத்தான பாறை மலைகள் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கின்றன. ப்ரூகெல் வாழ்ந்த ஆண்ட்வெர்ப், ப்ரஸ்ஸல்ஸ் பக்கம் அப்படி ஒரு மலை கிடையாது. தேடினாலும் கிடைக்காது. 1550களில் அவர் இத்தாலிக்குப் போய் வந்தார். வழியில் ஆல்ப்ஸ் மலையைப் பார்த்தார். அதைக் கொண்டுவந்து தன் ஊர்க் கிராமத்துக்குப் பின்னால் நட்டுவிட்டார். அவர் ஓவியர், அவர் இஷ்டம். ஆனால் மலை கற்பனை என்று ஒப்புக்கொள்கிறவர்கள், அதே பலகையில் அதே தூரிகையால் தீட்டிய பனியை மட்டும் வானிலை அறிக்கை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இன்னும் இருக்கிறது. அந்த ஓவியம் தனிப் படம் அல்ல. வருடத்தின் மாதங்களைக் காட்டும் ஒரு வரிசையில் ஒன்று. வரிசையில் மொத்தம் ஆறு இருந்திருக்கும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இன்று மிஞ்சியிருப்பது ஐந்து. அதில் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கும் 'அறுவடைக்காரர்கள்'. அதுவும் அதே 1565தான். பழுத்த கோதுமை வயல், மரத்தடியில் கால் பரப்பிக்கொண்டு வெயிலில் அசந்து தூங்கும் ஒரு ஆள். பார்த்தாலே வியர்க்கும்.

பனிப் படம் 1565ன் குளிருக்குச் சாட்சி என்றால், வெயில் படம் 1565ன் வெப்பத்துக்குச் சாட்சிதானே? அந்த வருடம் ஐரோப்பா வெயிலில் வெந்தது என்று ஏன் ஒருவரும் எழுதுவதில்லை? ஏனென்றால் அது அவர்கள் சொல்ல வந்த கதைக்கு உதவாது. ஒரே வரிசையிலிருந்து வேண்டிய சாட்சியை மட்டும் கூப்பிட்டு, மற்றவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை. லாபக் கணக்கை மட்டும் காட்டிவிட்டு நஷ்டக் கணக்கை மேஜைக்குக் கீழே தள்ளும் வேலை.

மாதங்களை வரிசையாக வரைவது ப்ரூகெல் கண்டுபிடித்த சமாச்சாரமும் இல்லை. அவருக்கு 150 வருடங்களுக்கு முன்பே, 1410களில், பிரான்சில் பெர்ரி பிரபுவுக்காக லிம்பர்க் சகோதரர்கள் வரைந்த பிரார்த்தனைப் புத்தகத்தில் பிப்ரவரி மாதத்துக்குப் பனி மூடிய பண்ணை வீடு இருக்கிறது. காலண்டர் என்றால் குளிர்காலப் பக்கம் ஒன்று வேண்டும், அதில் பனி வேண்டும். இது வடக்கு ஐரோப்பிய மரபு. அந்த வருடம் பனி எத்தனை அடி விழுந்தது என்பதற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது.

அந்த வரிசையை வாங்கியவர் யார் தெரியுமா? நிக்லாஸ் யோங்கெலிங்க். ஆண்ட்வெர்ப் நகரத்து வியாபாரி. 1566ல் இவர் ஒரு வேலை செய்தார். இன்னொருவர் நகரத்துக்குக் கட்ட வேண்டிய 16,000 கில்டர் பாக்கிக்கு ஜாமீனாகத் தன் ஓவியங்களை எழுதிக் கொடுத்தார். அதில் ப்ரூகெல் வரைந்தவை மட்டும் 16. வேட்டைக்காரர்களும் நாய்களும் அந்த நரியும் வரைந்த மறு வருடமே அடமானச் சொத்து ஆனது இப்படித்தான். ப்ரூகெலின் பனி எந்த உலகத்தில் பிறந்தது என்று புரிந்துகொள்ள, வானிலை ஆராய்ச்சி நிலையத்தைவிட அந்த ஜாமீன் பத்திரம் அதிகம் உதவும்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. அதே 1565ல் ப்ரூகெல் வரைந்த இன்னொரு படம், பறவைப் பொறி வைத்த குளிர்கால நிலக்காட்சி. மூலம் ப்ரஸ்ஸல்ஸில் இருக்கிறது. இதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள் உண்டு. பல பிரதிகளைச் செய்தவர் ப்ரூகெலின் மகன், சின்ன ப்ரூகெல். அப்பா 1569ல் இறந்துபோனார். மகன் 1638 வரை இருந்தார். அவருடைய பட்டறையில் இதே கிராமம், இதே ஆறு, இதே பனி திரும்பத் திரும்பத் தயாராகிக்கொண்டே இருந்தது. ஆகஸ்ட் மாதத்திலும் தயாராகியிருக்கும், யார் தடுத்தார்கள்? வாங்க ஆள் இருந்தது, செய்தார்கள். இதைத் தெர்மாமீட்டர் என்று நம்பினால் பல பத்து வருடங்கள் அங்கே ஒரே டிகிரிதான் இருந்தது என்று எழுத வேண்டியிருக்கும்!

இனி வடக்கே, டச்சுக் குடியரசுக்குப் போகலாம்.

1585ல் ஸ்பெயின் படை ஆண்ட்வெர்ப் நகரத்தைப் பிடித்தது. புராட்டஸ்டண்ட் மக்கள் கூட்டம் கூட்டமாக வடக்கே போனார்கள். வியாபாரிகள், நெசவாளிகள், கூடவே ஓவியர்களும். ப்ரூகெல் வழி வந்த நிலக்காட்சி அவர்களோடு மூட்டை கட்டிக்கொண்டு ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தது. குளிர்கால ஓவியம் ஹாலந்தில் வேர்விட்டதற்கு வடதுருவக் காற்று மட்டும் காரணம் அல்ல, அகதிகள் காரணம்.

ஆண்ட்வெர்ப் விழுந்த அதே 1585ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர்தான் அவர்காம்ப். காது கேட்காது, பேச வராது. 'காம்பன் ஊமை' என்றே ஊர் அவரைக் கூப்பிட்டது. காம்பன் என்ற சின்ன ஊரில் வாழ்ந்து 1634ல் இறந்தார். குளிர்காலத்தை மட்டுமே தன் தொழிலாக வைத்துக்கொண்ட முதல் டச்சு ஓவியர் என்று இவரைச் சொல்லலாம்.

'தொழில்' என்ற வார்த்தையை அழுத்திப் படிக்க வேண்டும். டச்சுக் குடியரசில் கால்வினியத் தேவாலயங்கள் சுவரில் படம் மாட்டுவதில்லை. பெரிய ராஜ சபையும் கிடையாது. ஆக ஓவியருக்கு ஆர்டர் கொடுக்கப் பழைய எஜமானர்கள் இல்லை. மிச்சம் இருந்தது சந்தை. வீட்டுச் சுவரில் மாட்டப் படம் வாங்கும் வியாபாரி, ரொட்டிக்காரர், துணிக்காரர். லட்சக்கணக்கில் படங்கள் உற்பத்தியாயின. போட்டி கடுமையாக இருந்ததால் ஒவ்வொருவரும் ஒரு சரக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கடல், ஒருவர் பூங்கொத்து, ஒருவர் பசுமாடு, ஒருவர் பனி. பி.காம் முதல் வருடத்தில் வருகிற ஸ்பெஷலைசேஷன் பாடம் அச்சாக இதுதான். இந்தச் சந்தையை ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தோண்டி எடுத்தவர்களில் முக்கியமானவர் ஜான் மைக்கேல் மோன்டியாஸ். அவர் ஓவிய விமர்சகராகத் தொடங்கியவர் இல்லை, பொருளாதார அறிஞர். டெல்ஃப்ட் நகரத்துக் கலைஞர்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1982ல் வந்தது.

சந்தை என்றால் செட் செட்டாகவும் விற்க வேண்டும். யான் ஃபான் கோயன் 1625ல் வரைந்த இரண்டு சின்ன வட்டப் படங்கள் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கின்றன. ஒன்று கோடை, ஒன்று குளிர். ஜோடி. ஒரு பக்கம் மாட்டினால் அடுத்த பக்கம் சமமாக இன்னொன்று. இப்படி ஜோடியாகப் பிறந்த குளிர்காலப் படங்கள் ஏராளம். அப்படியானால் தெர்மாமீட்டர்க்காரர்களின் கணக்கில் டெபிட்டும் கிரெடிட்டும் சமமாகி, மீதி பூஜ்யம் அல்லவா வரவேண்டும்?

இதையும் ஒருவர் எண்ணிப் பார்க்காமல் இல்லை. ஹான்ஸ் நியூபர்கர் என்ற வானிலை அறிஞர் 41 மியூசியங்களில் 12,000க்கும் மேற்பட்ட ஓவியங்களைப் பார்த்து, வானத்தில் எவ்வளவு மேகம், எவ்வளவு இருட்டு என்று கணக்கெடுத்து 1970ல் வெளியிட்டார். குட்டிப் பனியுகத்தில் மேகம் அதிகம் என்று முடிவு வந்தது. அவருடைய உழைப்பைக் கும்பிடலாம். ஆனால் மியூசியச் சுவருக்கு வந்து சேர்ந்த படம் எது, வராமல் அழிந்த படம் எது, மேகம் வரைவது எந்தக் காலத்து ஃபேஷன், எந்தப் பட்டறை எதை நகல் எடுத்தது என்பதையெல்லாம் ஒரு எண்ணிக்கை எப்படிச் சொல்லும்? மேகத்தை எண்ணியதாக நினைத்து ரசனையை எண்ணியிருக்கலாமே!

எல்லாவற்றையும்விட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அது வருடங்களில் இருக்கிறது.

டச்சுக் குளிர்கால ஓவியத்தின் நல்ல காலம் ஏறக்குறைய 1600 முதல் 1670 வரை. அவர்காம்ப், ஃபான் கோயன், ஆர்ட் ஃபான் டெர் நேர், கடைசியில் யாக்கோப் ஃபான் ரைஸ்டால். அதற்குப் பிறகு வரத்து சுருங்கிவிடுகிறது. ஏன்? குளிர் போய்விட்டதா? இல்லவே இல்லை! 1683-84 குளிர்காலம் லண்டனில் தேம்ஸ் நதியே உறைந்து அதன்மேல் கடைவீதி போட்ட குளிர்காலம். 1690கள் முழுக்கவே மோசமான குளிர். 1708-09 குளிர்காலம் ஐரோப்பா கண்ட மிகக் கொடிய குளிர்காலங்களில் ஒன்று. ஆக, உண்மையான குளிர் வந்து அடித்த நேரத்தில் இந்தத் 'தெர்மாமீட்டர்' கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை.

என்ன நடந்தது? 1672 நடந்தது. டச்சுக்காரர்கள் இன்றும் 'பேரழிவு வருடம்' என்று சொல்லும் வருடம். பிரான்ஸ், இங்கிலாந்து, ம்யூன்ஸ்டர், கொலோன் என நாலு பக்கமும் ஒரே நேரத்தில் போர். பணம் சுருங்கியது. சுருங்கியதும் முதலில் நின்றது சுவருக்குப் படம் வாங்குவது. வெர்மீர் 1675ல் கடனோடு இறந்தார். போர்க் காலத்தில் படம் விற்க முடியவில்லை என்று அவர் மனைவி மனுவே கொடுத்தார். பனி வரையும் ஓவியருக்கும் அதே சந்தைதானே? டிமாண்ட் விழுந்தது, சப்ளை நின்றது. இந்தப் படங்களின் எண்ணிக்கை குளிரை அளக்கவில்லை. வாங்குபவரின் பையை அளக்கிறது.

'அப்படியானால் அந்தக் காலத்துக் குளிரை எதை வைத்துத்தான் தெரிந்துகொள்வது?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பதில் இருக்கிறது. அது ஓவியத்தைப் போல அழகாக இருக்காது. அது ஒரு கணக்குப் புத்தகம்.

டச்சு நாட்டில் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் 'ட்ரெக்ஸ்கௌட்' என்ற இழுவைப் படகு ஓடியது. கரையில் ஒரு குதிரை நடக்கும், கயிறு கட்டிப் படகை இழுக்கும். ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் நடுவே இதற்கென்றே நேர்க் கால்வாய் வெட்டி 1632ல் திறந்தார்கள். 1657ல் ஹார்லெமிலிருந்து லெய்டனுக்கு. டைம்டேபிள் உண்டு, நிர்ணயித்த கட்டணம் உண்டு. இன்றைய டவுன் பஸ் மாதிரிதான். கால்வாய் உறைந்தால் படகு ஓடாது. ஓடாத நாட்கள் கணக்கில் தெரியும்.

இந்தப் படகுத் தொழிலின் பதிவுகளைப் பொருளாதார வரலாற்றாளர் யான் டி ஃப்ரீஸ் 1970களில் தோண்டி எடுத்தார். 1978ல் டச்சு வானிலை ஆய்வாளர்கள் மூன்று பேர் படகு நின்ற நாட்களைப் பிற்காலத்துத் தெர்மாமீட்டர் அளவுகளோடு பொருத்திப் பார்த்து, டி பில்ட் என்ற ஊருக்கான குளிர்கால வெப்பநிலை வரிசை ஒன்றை வெளியிட்டார்கள். அது 1634ல் தொடங்குகிறது. அவர்காம்ப் இறந்த அதே வருடம்! ஓவியர் கண்ணை மூடிய வருடத்தில் கணக்கப்பிள்ளை கண்ணைத் திறந்திருக்கிறார்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். படகுக் கணக்கை எழுதியவருக்கு யாரையும் மயக்கும் நோக்கம் கிடையாது. பனி அழகா அசிங்கமா என்பது அவருக்குக் கவலை இல்லை. இன்று வண்டி ஓடியதா, இல்லையா? அவ்வளவுதான். நல்ல குளிர்காலம் வந்தாலும் எழுதினார், மோசமான குளிர்காலம் வந்தாலும் எழுதினார். போர் வந்தாலும் படகு ஓடுகிற வரை எழுதினார். சாட்சி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இங்கேதான் இரண்டாவது தப்பு வருகிறது.

அந்தக் கணக்கில் ஒவ்வொரு 'ஓடவில்லை'யும் ஒரு டிகிரி அளவு மட்டும் அல்ல. கட்டணம் வராத ஒரு நாள். படகோட்டிக்கு வசூல் இல்லை. குதிரைக்குத் தீனி மட்டும் போட்டாக வேண்டும். நாலு நாள் என்றால் சமாளிக்கலாம். நாற்பது நாள் என்றால்? அன்றைய ஹாலந்தில் அடுப்பெரித்தது பீட் என்ற கரிமண் கட்டி. அதுவும் படகில்தான் ஊருக்குள் வரவேண்டும். குளிர் ஏற ஏற எரிபொருளுக்குத் தேவை ஏறும், அதே குளிர் எரிபொருள் வரும் வழியை அடைக்கும். தேவை மேலே, வரத்து கீழே. விலை என்ன ஆகும் என்று சொல்ல எகனாமிக்ஸ் படிக்க வேண்டாம், வீட்டில் அடுப்பு எரிந்தால் போதும்.

ஆனால் வாழ்த்து அட்டையில் இது வருமா? வராது. அங்கே எல்லாரும் சிரிக்கிறார்கள். பணக்காரர், ஏழை, கிழவர், குழந்தை என அனைவரும் ஒரே பனிக்கட்டியின் மேல் சமம் என்று ஒரு விளக்கம் வேறு எழுதிவிடுகிறார்கள். பனிக்கட்டிச் சமத்துவம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சறுக்கி முடித்துவிட்டுச் சூடான வீட்டுக்குப் போகிறவனும், அதே பனியில் துளை போட்டு மீன் கிடைக்குமா என்று குந்தியிருக்கிறவனும் ஒரே தரையில் நிற்பதால் மட்டும் சமமாகிவிடுவார்களா?

இதில் பாவம், அவர்காம்ப் மேல் பழி இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் அவருடைய புகழ்பெற்ற படத்தை, 1608 வாக்கில் வரைந்ததை, நிதானமாகப் பாருங்கள். கூட்டத்தை விட்டுவிட்டு இடது ஓரத்துக்கு வாருங்கள். செத்த மிருகம் ஒன்றின் உடலை நாயும் காக்கையும் தின்றுகொண்டிருக்கின்றன. பக்கத்தில் பழைய கதவு ஒன்றை முட்டுக் கொடுத்து நிறுத்திய பறவைப் பொறி. ப்ரூகெலுக்கு ஒரு வணக்கம். ஒரு கட்டடத்தில் ஆண்ட்வெர்ப் நகரத்தின் சின்னம் தொங்குகிறது. அகதி வந்த வழிக்கு ஒரு வணக்கம். பனியில் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள். தூரத்தில் ஒருவர் பனி உடைந்து உள்ளே விழுந்துவிட்டார். அவர்காம்ப் எல்லாவற்றையும் போட்டிருக்கிறார். காது கேட்காத மனிதர் கண்ணால் ஒன்றையும் விடவில்லை. விட்டது யார்? அட்டையில் அச்சிடும்போது இடது ஓரத்தை வெட்டியவர்கள். 'குளிர்' என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டுப் பக்கம் திருப்பியவர்கள்.

ரைக்ஸ்மியூசியமே 2009ல் அவர்காம்புக்குப் பெரிய கண்காட்சி வைத்தபோது, அதற்கு வைத்த பெயரில் 'குட்டிப் பனியுகம்' இருந்தது. பெயர் வைத்தால் கூட்டம் வரும் என்பது புரிகிறது. ஆனால் மியூசியமே ஓவியரின் பெயரோடு வெப்பநிலையைச் சேர்த்து முத்திரை குத்திவிட்டால், பார்க்க வருகிறவர் எதைத் தேடுவார்? செத்த மிருகத்தையா, டிகிரியையா?

பனியை வரைந்தவர்களின் கதையும் ஒன்றும் வெதுவெதுப்பாக இல்லை. நிலா வெளிச்சமும் உறைந்த ஆறுமாக அற்புதமாக வரைந்த ஃபான் டெர் நேர் ஆம்ஸ்டர்டாமில் சாராயக் கடை நடத்தி, 1662ல் திவாலானார். ஃபான் கோயன் 1637ல் டுலிப் கிழங்கு சூதாட்டம் சரிவதற்குச் சற்று முன்பு கிழங்கு வாங்கியவர். 1656ல் இறக்கும்போது கடன் தலைக்கு மேல் இருந்தது. இவர்கள் வாடிக்கையாளர் சுவரில் மாட்டிய குளிர் ஒன்று, சொந்த வீட்டில் அனுபவித்த குளிர் வேறு.

'சரி, ஓவியத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன குடி முழுகிப்போகும்?' என்று ஒரு கேள்வி வரலாம். முழுகும். இன்றைக்கு அதே படங்களைக் காட்டித்தான், 'பாருங்கள், அன்றும் பருவநிலை தானாகவே மாறியது, இன்றும் தானாகவே மாறுகிறது, மனிதன் எரித்த எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் சம்பந்தம் இல்லை' என்று காதில் பூ சுற்றுகிறார்கள். படம் அழகாக இருப்பதால் பூவும் சுலபமாக ஏறுகிறது. ஆனால் குட்டிப் பனியுகத்தில் உலகச் சராசரி வெப்பநிலை குறைந்தது ஒரு டிகிரிக்கும் உள்ளேதான். இன்று ஏறியிருப்பது அதைத் தாண்டிவிட்டது, அதுவும் மிகக் குறைந்த காலத்தில். ஓவியத்தில் டிகிரி இல்லை என்பதால்தான் எந்தக் கதையை வேண்டுமானாலும் அதன்மேல் ஒட்ட முடிகிறது. கணக்குப் புத்தகத்தின்மேல் ஒட்டிப் பார்க்கட்டும், ஒட்டாது. 1634ல் தொடங்கும் அந்த வரிசையில் இன்றைய குளிர்காலங்களை வைத்தால், அவை எந்தப் பக்கம் போய் நிற்கின்றன என்பது பளிச்சென்று தெரியும். சூடான பக்கம்.

சந்தேகம் இருந்தால் ஹாலந்துக்காரர்களையே கேட்கலாம். ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் பதினொரு ஊர்களைச் சுற்றி, உறைந்த கால்வாய்களின் மேல் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஸ்கேட்டிங் போகும் பந்தயம் ஒன்று உண்டு. பெயர் எல்ஃப்ஸ்டெடன்டொக்ட். வழி முழுவதும் 15 சென்டிமீட்டர் கனத்துக்காவது பனிக்கட்டி இருந்தால்தான் நடத்துவார்கள். 1909 தொடங்கி 15 முறை நடந்தது. கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4. அதற்குப் பிறகு நடக்கவில்லை. அன்று பிறந்த குழந்தைகள் காலேஜ் முடித்து வேலைக்கும் போயாகிவிட்டது.

அப்படியானால் இந்த ஓவியங்களால் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது. கோல்ஃப் மாதிரி மட்டை வைத்துப் பனியில் ஆடிய 'கொல்ஃப்' எப்படி இருந்தது, ஸ்கேட்டை எப்படிக் கட்டினார்கள், யார் எந்தத் தொப்பி போட்டார்கள், குளிரில் யார் வண்டியில் போனார்கள், யார் தலையில் சுமந்தார்கள் என்பதையெல்லாம் இவை சொல்கிற அளவுக்கு வேறு எதுவும் சொல்லாது. ரைஸ்டாலின் குளிர்காலப் படங்களில் கும்மாளமே கிடையாது. கறுத்த வானம், கனத்த பனி, ஒன்றிரண்டு மனிதர்கள். குளிர் என்பது விளையாட்டு மட்டும் இல்லை என்று அவர் சொல்லாமல் சொல்கிறார். ஒரு சமூகம் தன் குளிர்காலத்தை எப்படிப் பார்க்க விரும்பியது, அதற்கு எவ்வளவு விலை கொடுக்கத் தயாராக இருந்தது என்பதற்கு இவை முதல் தரமான சாட்சி. எத்தனை டிகிரி என்பதற்கு மட்டும் இல்லை. எந்தச் சாட்சியிடம் எதைக் கேட்பது என்று தெரிய வேண்டும். ஓவியரிடம் வெப்பநிலையைக் கேட்பது, கணக்கப்பிள்ளையிடம் சூரிய அஸ்தமனத்தை வர்ணிக்கச் சொல்வது மாதிரி.

அடுத்த முறை அவர்காம்ப் படம் ஒன்று கண்ணில் பட்டால், தயவுசெய்து சறுக்குகிறவர்களோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். அவர் படங்களில் பனிக்கட்டியில் சிக்கி அசையாமல் நிற்கும் படகு அடிக்கடி வரும். ஜாலியான கூட்டத்துக்கு நடுவே யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அதை வானிலைத் தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் படகு யாருடையது, அவர் வீட்டில் அன்று என்ன சமைத்தார்கள் என்று கேளுங்கள்.

குளிர் எவ்வளவு என்று படகுக் கணக்கு சொல்லிவிட்டது. குளிருக்கு விலை கொடுத்தவன் யார் என்று கேட்பதுதான் பாக்கி.